முதலில் அண்ணாந்து பாருங்கள்

கேள்வி: சென்னையில் இரண்டு படுக்கையறை உள்ள வாடகை வீடு எங்களுடையது. பையனுக்கு எட்டு வயது, பெண்ணுக்கு நாலரை. இதுவரை எங்களோடுதான் படுத்துக்கொள்கிறார்கள். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் பக்கத்து அறைக்கு மாற்றலாம் என்று இருக்கிறோம். அறை பத்துக்குப் பதினொன்று, கூரை உயரம் 9 அடி 8 அங்குலம். இடம் மிச்சமாகுமே என்று, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு படுக்கை உள்ள பங்க் கட்டில் பார்க்கிறோம். ஆன்லைனில் இரும்புக் கட்டில் ஒன்று குறைந்த விலையில் இருக்கிறது. தெரிந்த ஆசாரி ஒருவர், பிளைவுட்டில் படிக்கட்டும் இழுப்பறையும் வைத்துச் செய்து தருகிறேன் என்கிறார். அவருக்கு ஐயாயிரம் முன்பணமும் கொடுத்துவிட்டோம். இரும்பு நல்லதா, மரம் நல்லதா? மேலே பையன் படுப்பான், சின்னவளைக் கீழே போடுவோம். மாமியார் மட்டும் "வீடு என்ன ரயில் பெட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவர் பயத்தில் அர்த்தம் இருக்கிறதா? அறையின் படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மாமியார் சொன்ன ரயில் பெட்டியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஸ்லீப்பர் கோச்சில் அப்பர் பெர்த்தில் ஏறிப் படுத்திருப்பீர்கள். கைக்கு எட்டும் தூரத்தில் ஃபேன் ஓடும், அதைச் சுற்றிக் கம்பிக் கூண்டு இருக்கும். சிலர் அதன்மேல் செருப்பைக்கூட வைத்துவிட்டுத் தூங்குவார்கள். படுக்கையும் ஃபேனும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வந்துவிட்டால் நடுவில் ஏதாவது ஒன்று தடுத்து நிற்க வேண்டும் என்பதற்காகப் போட்ட கூண்டு அது. நம் வீட்டுக் கூரையில் தொங்கும் ஃபேனுக்கு அப்படி ஒன்றும் கிடையாது.

நீங்கள் ஐந்து படங்கள் அனுப்பியிருக்கிறீர்கள். நாலில் சுவர், ஜன்னல், கதவு, பீரோ. ஐந்தாவதில் மட்டும் மேல் ஓரத்தில் ஃபேனின் ஒரே ஓர் இறக்கை தெரிகிறது. உங்களைக் குறை சொல்லவில்லை. இருபத்து மூன்று வருடமாக மரச்சாமான் செய்கிறேன், பங்க் கட்டில் கேட்டு வருகிற எல்லோரும் தரையைத்தான் அளந்துகொண்டு வருவார்கள். கூரையைப் படம் பிடித்து வந்தவர் ஒருவர்கூட நினைவில் இல்லை.

அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அறைக்கு, இந்த வயதில், இந்த ஃபேன் இருக்கும்வரை பங்க் கட்டில் வேண்டாம். இரும்பா மரமா என்ற கேள்விக்கு அப்புறம் வருகிறேன். அது வரிசையில் நாலாவதோ ஐந்தாவதோதான்.

கணக்கைப் பாருங்கள். உங்கள் கூரை 116 அங்குலம். ஃபேனின் கம்பியும் மேலே உள்ள கிண்ணமும் சேர்ந்து இறக்கையை ஓரடிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கீழே இறக்கிவிடும். ஆக, இறக்கை தரையிலிருந்து சுமார் 103 அங்குலத்தில் சுற்றுகிறது. வழக்கமான பங்க் கட்டிலில் மேல்தளப் பலகை 60 அங்குலத்தில் வரும், அதன்மேல் ஐந்து அங்குல மெத்தை போடுவோம். உங்கள் பையனுக்கு இனி தரை என்பதே 65 அங்குலத்தில்தான். எட்டு வயதுப் பையன் சுமார் 50 அங்குலம் இருப்பான். எழுந்து நின்றால் 115. கூரை தலையில் இடிக்க ஓர் அங்குலம்தான் பாக்கி, ஃபேன் இறக்கை அவன் தோளுக்கு நேரே.

நிற்கக் கூடாது என்று சொல்லி வைப்போம் என்பீர்கள். மண்டி போட்டாலே உச்சந்தலை 102-க்கு வந்துவிடும். காலையில் எழுந்து உட்கார்ந்து, கண்ணைக்கூடத் திறக்காமல், இரண்டு கையையும் தூக்கிச் சோம்பல் முறித்தால் விரல் நுனி 105-ஐத் தொடும். சோம்பல் முறிக்கக் கூடாது என்று எந்தப் பிள்ளைக்குச் சொல்லி வைப்பது?

கட்டில் சுவர் ஓரம், ஃபேன் அறை நடுவில், அப்புறம் எப்படிப் படும் என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்கக்கூடும். அதையும் போட்டுப் பார்த்தேன். அறையின் அகலம் 120 அங்குலம், நடுப்புள்ளி 60. உங்கள் ஃபேன் 1200 மில்லிமீட்டர் விட்டம் உள்ள வழக்கமான ஃபேன் என்றால், அதாவது கடையில் 48 இன்ச் என்று கேட்டு வாங்குவது, இறக்கையின் நுனி சுவரிலிருந்து 36 அங்குலத்துக்கு வரும். மூன்றடி மெத்தை, இரண்டு பக்கமும் சட்டம், எல்லாம் சேர்த்துக் கட்டிலின் அகலம் 39. இறக்கை நுனி மூன்று அங்குலம் கட்டிலுக்கு உள்ளேயே வந்து சுற்றும். கட்டிலைத் திருப்பிப் பத்தடிச் சுவரோரம் போட்டால், அந்தப் பக்கம் அறை பதினோரு அடி என்பதால், நுனிக்கும் கட்டிலுக்கும் நடுவே அதே மூன்று அங்குலம் இடைவெளி கிடைக்கும். ஒரு நடுவிரல் நீளம்தான். முழு வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 350 சுற்று என்று வைத்துக்கொண்டால், நுனி மணிக்கு 80 கிலோமீட்டர் பக்கம் போகிறது. ரெகுலேட்டரை இரண்டில் வைத்தால் போதாதா என்று ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். மே மாதம் சென்னையில் அவர் இரண்டில் வைத்துப் படுத்துப் பார்க்கட்டும் என்றேன்.

இணையத்தில் வரும் கட்டில் படங்களை இப்போது மறுபடி எடுத்துப் பாருங்கள். வெள்ளைச் சுவர், பொம்மை, பூச்சாடி எல்லாம் இருக்கும். ஃபேன் இருக்காது.

குட்டைக் கம்பி போட்டு ஃபேனைக் கூரையோடு ஒட்டி மாட்டினால் ஐந்தாறு அங்குலம் கிடைக்கும், எழுந்து நிற்கிற பையனுக்கு அது போதாது. ஃபேனை வேறு இடத்துக்கு நகர்த்தலாம் என்றால், கொக்கி கான்கிரீட் போடும்போதே வைத்தது. புது இடத்தில் துளை போட்டு ஆங்கர் அடிக்க வேண்டும், வாடகை வீட்டில் அதற்கு ஓனர் சம்மதிக்க வேண்டும். உண்மையான வழி ஒன்றுதான். கூரை ஃபேனைக் கழற்றிப் பரணில் வைத்துவிட்டு, எதிர்ச் சுவரில், மேல்தளத்திலிருந்து கை நீட்டினாலும் எட்டாத இடத்தில், கூண்டு உள்ள சுவர் ஃபேன் மாட்டுவது. அதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. கூரை ஃபேனின் காற்று மேல்தளப் பலகையில் மோதி நின்றுவிடும், கீழே படுக்கும் பிள்ளைக்கு வராது. பங்க் கட்டில் வாங்கிய பல வீடுகளில் ஒரு மாதம் கழித்துக் கீழ்க்கட்டிலில் துணி மடிக்காமல் குவிந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை புழுக்கம் தாங்காமல் அம்மாவோடு போய்ப் படுத்திருக்கும்.

இரண்டாவது, வயது. ஆறு வயது நிறையாத பிள்ளையை மேல்தளத்தில் விடக்கூடாது என்பது பல நாடுகளில் கட்டிலிலேயே எச்சரிக்கையாக ஒட்டப்படுகிற விதி. உங்கள் பெண்ணுக்கு நாலரை. அவளைக் கீழேதானே போடுகிறோம் என்கிறீர்கள். ஏணி இருக்கிற வீட்டில் சின்னவள் கீழே என்பது இரவில் தூங்கும் நேரத்துக்கு மட்டும்தான் உண்மை. பகல் முழுக்க அண்ணன் எங்கேயோ அவளும் அங்கேதான். அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு பங்க் கட்டில் காயத்தோடு வந்த பிள்ளைகளைப் பற்றிய ஓர் ஆய்வு 2008-இல் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. 1990 முதல் 2005 வரையிலான கணக்கு அது. ஆண்டுக்குச் சராசரியாக 36,000 பேர். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் விழுந்ததால் வந்தவர்கள். பாதிப் பேர் ஆறு வயதுக்கு உட்பட்டவர்கள். அங்கே பல வீடுகளில் தரையில் கம்பளம் விரித்திருக்கும், நம் வீட்டில் விட்ரிஃபைட் டைல்ஸ்.

சிலர் பகலில் ஏணியைக் கழற்றி ஒளித்துவைக்கிறார்கள். பிள்ளைகள் மேஜைமேல் நாற்காலி போட்டு ஏறுகிறார்கள். ஏணியே தேவலை.

உங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் பெண்ணும் வளர்ந்து, வேறு வீட்டுக்கும் போய், மறுபடி இதே யோசனை வரும். இதைப் படிக்கிற மற்றவர்கள் சிலர் இந்த வாரமே கடைக்குக் கிளம்பியும் இருப்பார்கள். அதனால் கட்டிலில் எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன். இதில் முதலில் சொல்ல வேண்டியது என் தப்பு ஒன்றைத்தான்.

பன்னிரண்டு வருடம் முன்னால் ஒரு வீட்டுக்குத் தேக்கில் பங்க் கட்டில் செய்து கொடுத்தேன். மேல்தளத் தடுப்புக்கு நெருக்கமாகச் சட்டம் வைத்தால் மாட்டுக் கொட்டகை மாதிரி இருக்கும் என்று, ஐந்து அங்குலத்துக்கு ஒன்றாக அழகாக விட்டேன். பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். இரண்டு மாதம் கழித்து அந்த வீட்டிலிருந்து போன். ஐந்து வயதுப் பையன் கீழே விழுந்த பொம்மையை எடுக்க, ஏணிப் பக்கம் போகச் சோம்பல்பட்டு, தடுப்புச் சட்டங்களுக்கு நடுவே காலை நுழைத்துச் சறுக்கி இறங்கப் பார்த்திருக்கிறான். கால் வந்தது, இடுப்பு வந்தது, நெஞ்சும் வந்துவிட்டது. தலை வரவில்லை. கழுத்து சட்டத்தில் மாட்ட, உடம்பு அந்தரத்தில் தொங்கியிருக்கிறது. பாட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து பூத்தொடுத்துக்கொண்டிருந்ததால் பிழைத்தான். அவர் ஓடிவந்து காலைத் தோளில் தாங்கிக்கொண்டு கத்த, அம்மா மேலே ஏறி உள்பக்கமாக இழுத்திருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பாட்டி என்னைத் திட்டவில்லை. பூ இன்னும் தரையில் சிதறிக் கிடந்தது. நான் ரம்பத்தை எடுத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன்.

சின்னப் பிள்ளைக்கு உடம்பு நுழைகிற சந்தில் தலை நுழையாது. ஆசாரிகள் எங்கள் பலருக்கு இது தெரிவதில்லை, நாங்கள் தடுப்பை விழாமல் இருக்கத்தான் வைக்கிறோம். அமெரிக்காவில் 1999 டிசம்பரில் அறிவித்து 2000-இல் நடைமுறைக்கு வந்த விதியில், மேல்தளத்தின் எந்தச் சந்திலும் மூன்றரை அங்குலக் கட்டை ஒன்று நுழைந்து வெளியே வரக்கூடாது. ஐரோப்பியத் தரம் இன்னும் கறார், ஏழரை சென்டிமீட்டர். அன்றிலிருந்து மூன்றரை அங்குலத்துக்கு இழைத்த தேக்குத் துண்டு ஒன்று என் பையில் டேப்போடு கிடக்கிறது. உங்களிடம் கட்டை இருக்காது, ஏடிஎம் கார்டு இருக்கும். அதன் நீளம் எட்டரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல். கடையில் கார்டை நீளவாக்கில் சட்டங்களுக்குக் குறுக்கே பிடியுங்கள். தடங்கல் இல்லாமல் உள்ளே போனால் அந்தக் கட்டிலை விட்டு நகருங்கள். தடுப்புக்கும் மெத்தைப் பலகைக்கும் நடுவே உள்ள சந்தையும், தலைமாட்டுச் சட்டங்களையும் இதேபோல் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

தடுப்பின் உயரத்தைக் கெடுப்பது மெத்தை. பலகையிலிருந்து தடுப்பு பத்து அங்குலம் என்று கடையில் அளந்து திருப்தியாக வாங்குவோம். வீட்டுக்கு வந்ததும், பிள்ளைக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று எட்டு அங்குல ஃபோம் மெத்தை வாங்கி மேலே போடுவோம். அதன்மேல் பாட்டி ஒரு ஜமுக்காளம் மடித்துப் போடுவார். மிஞ்சுவது ஒன்றரை அங்குலம், உருண்டு விழப் படி வைத்துக் கொடுத்த மாதிரி. மெத்தையின் மேல்மட்டத்துக்கு மேலே தடுப்பு அமெரிக்கக் கணக்கில் குறைந்தது ஐந்து அங்குலம், ஐரோப்பியக் கணக்கில் 16 சென்டிமீட்டர் நிற்க வேண்டும். மேலே நாலு அங்குலத் தேங்காய்நார் மெத்தை போதும். புரண்டு படுக்கிற பிள்ளைக்கு ஐந்து அங்குலமே குறைவு என்பது என் எண்ணம். நான் இப்போது மெத்தைக்கு மேல் எட்டு அங்குலம் விட்டுத்தான் செய்கிறேன்.

சுவர்ப் பக்கம் தடுப்பு எதற்கு, சுவர்தான் இருக்கிறதே என்று ஆசாரி சொல்வார். உங்கள் ஆசாரியும் அதைச் சொல்லிப் பலகைக் காசு மிச்சம் காட்டியிருக்கக்கூடும். கீழே குனிந்து சுவரின் அடியைப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு ஸ்கர்ட்டிங் டைல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கட்டில் கால் அதில் முட்டி நிற்பதால் மேல்தளம் சுவரைத் தொடுவதே இல்லை. பெருக்கித் துடைக்க இழுப்பதிலும் பிள்ளைகள் குதிப்பதிலும் சந்து நாளுக்கு நாள் பெரிதாகும், அதில் பிள்ளை நழுவி மாட்டும். சுவர்ப் பக்கம் தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை விடாமல் தடுப்பு வேண்டும். வெளிப்பக்கம் ஏறும் வழிக்கு மட்டும் ஓரடி, ஒன்றேகால் அடி விட்டால் போதும். கட்டிலை எல் கிளாம்ப் போட்டுச் சுவரோடு பிடித்துவிட்டால் ஆட்டமும் நிற்கும். இரண்டு துளைதான், ஓனரிடம் கேளுங்கள், காலி செய்யும்போது பட்டி பார்த்துக் கொடுத்துவிடலாம்.

ஏணியா படிக்கட்டா என்றால் படிக்கட்டுத்தான், சந்தேகமே இல்லை. அதில் உங்கள் ஆசாரி சொன்னது சரி. ஆனால் படிக்கட்டு கட்டிலின் நீளத்தோடு ஒன்றரை அடியைக் கூட்டிவிடும், உங்கள் அறையில் கதவு திறக்க இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படிக்கட்டின் திறந்த பக்கம் பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும். ஏணிதான் என்றால் உருண்டைக் கம்பிப் படியைத் தவிர்த்துவிடுங்கள். வெறுங்காலோடு ஒரு தடவை நீங்களே ஏறிப் பாருங்கள், உள்ளங்காலில் கம்பி அழுத்துவது தெரியும். ராத்திரி பாத்ரூம் போக அரைத் தூக்கத்தில் இறங்குகிற பிள்ளை அந்த வலிக்குப் பயந்து கடைசி இரண்டு படியைக் குதிக்கும். பட்டையான படியாக, சும்மா கொக்கியில் மாட்டாமல் போல்ட் போட்டு முடுக்கியதாக இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு சின்ன இரவு விளக்கு, கரண்ட் போனாலும் எரிகிற மாதிரி.

சரி, இரும்பா மரமா. இரண்டிலும் நல்லது இருக்கிறது, குப்பையும் இருக்கிறது. இரும்பில் பற்றவைத்த இடங்களைப் பாருங்கள். பெயின்ட்டுக்கு அடியில் புள்ளிப் புள்ளியாக ஒட்டியிருந்தால் வேண்டாம், குழாயைச் சுற்றி முழுதாக ஓடியிருக்க வேண்டும். கடலோரம் வீடு என்றால் உப்புக் காற்றில் பெயின்ட் உரிந்த இடமெல்லாம் துரு பிடிக்கும். மரத்தில் ரப்பர் மரம், தேக்கு, நல்ல பிளைவுட் எல்லாம் சரிதான். மரத்தூளை அழுத்திச் செய்கிற பார்ட்டிகிள் போர்டு கூடாது. திருகை ஒரு தடவை கழற்றி மாட்டினால் அந்தத் துளை மறுபடி பிடிக்காது, வாடகை வீட்டுக்காரர்கள் கட்டாயம் கழற்றி மாட்டுவீர்கள். ஐப்பசி மழையில் ஊறி உப்பவும் செய்யும். பிளைவுட்டில் செய்தாலும் மேல்தளத்தைத் தாங்கும் மூலைகளை ஃபெவிகாலையும் ஆணியையும் நம்பி விடக்கூடாது, நட்டு போல்ட் போடச் சொல்லுங்கள். மெத்தைப் பலகைக்கு அடியில் குறுக்குச் சட்டங்கள் நெருக்கமாக இருக்கட்டும். மேலே எட்டு வயதுப் பையன் மட்டும் படுக்கப் போவதில்லை. பிறந்தநாளன்று நாலு பேர் ஏறுவார்கள், காய்ச்சல் வந்தால் நீங்களும் ஏறி உட்காருவீர்கள். அந்தப் பலகைக்கு நேர் கீழே உங்கள் பெண் படுத்திருப்பாள்.

இந்திய தர நிர்ணய அமைவனம் 2022-இல் பங்க் கட்டிலுக்கென்றே ஐஎஸ் 17636 என்று தனித் தரம் கொண்டுவந்திருக்கிறது. ஆன்லைனில் வாங்குகிறவர்கள் விற்பவரிடம் அந்த எண்ணைச் சொல்லி, அதன்படி சோதித்ததா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வருகிற விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

போல்ட்டுகள் தளரும். நம் வீடுகளில் ஆயுத பூஜைக்குச் சுத்தியலையும் ஸ்பானரையும் எடுத்துப் பொட்டு வைக்கிறோமே, வைக்கும் முன் ஒரு சுற்று கட்டிலை முடுக்கிவிடுங்கள். பள்ளி திறக்கும் முன் இன்னொரு சுற்று.

இன்னொன்று, இது கட்டிலில் இல்லாத ஆபத்து. பங்க் கட்டில் வந்த இரண்டாவது நாளே பிள்ளைகள் மேல்சட்டத்தில் துப்பட்டாவையோ புடவையையோ கட்டித் தூளி ஆடுவார்கள். ஸ்கிப்பிங் கயிறு, பெல்ட், கொசுவலையின் நாடா, எது கிடைத்தாலும் சரி. கழுத்தில் ஒரு சுற்று விழுந்து கால் வழுக்கினால் சத்தம்கூட வராது. கட்டிலில் எதையும் கட்டக்கூடாது என்பதை வீட்டுச் சட்டமாகவே வைக்க வேண்டும். மேல்தளத்துக்குக் கொசுவலையைக் கயிறு கட்டித் தொங்கவிடாதீர்கள், ஜன்னலுக்கு வலை அடித்துவிடுங்கள். தூக்கத்தில் நடக்கிற பிள்ளை, வலிப்பு வருகிற பிள்ளை எந்த வயதானாலும் மேலே வேண்டாம்.

இனி உங்கள் அறைக்கு வருவோம். உங்களுக்கு வேண்டியது பகலில் விளையாட இடம், இரவில் இரண்டு படுக்கை. அதற்கு நான் சொல்வது இழுவைக் கட்டில். மேலே சாதாரண மூன்றடிக் கட்டில், அதன் அடியிலிருந்து இழுப்பறை மாதிரி வெளியே வரும் இன்னொரு படுக்கை. மேல் கட்டில் 39 அங்குலம், இழுத்தது 33, இரண்டும் சேர்ந்து 72. உங்கள் 120 அங்குல அகலத்தில் இரவிலும் நடக்க நாலடி மிஞ்சும். மேலே படுப்பவன் தரையிலிருந்து ஒன்றரை, ஒன்றேமுக்கால் அடியில் இருப்பான், கட்டில்மேல் ஏறி நின்றாலும் தலைக்கும் ஃபேனுக்கும் நடுவே இரண்டரை அடி இருக்கும். இருந்தாலும் குதிக்கும்போது கையைத் தூக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். சின்னவள் உருண்டால் டைல்ஸுக்கு அரையடி. இரண்டு பேருக்கும் காற்று வரும்.

ஆசாரியிடம் கொடுத்த முன்பணம் வீணாகாது. அவர் கணக்குப் போட்ட பிளைவுட்டில் பாதிகூட ஆகாது, மிச்சத்தில் சுவரோரம் புத்தக அலமாரி ஒன்று செய்து வாங்குங்கள். அவரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். சக்கரங்களில் குறைந்தது இரண்டு பிரேக் உள்ளதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் நடு ராத்திரியில் படுக்கை நகர்ந்து நடுவில் சந்து விழும். அடிப் பலகையை மூடிய பலகையாகப் போடாமல் ரீப்பர் என்கிற மெல்லிய மரச்சட்டங்களாக இடைவிட்டு அடிக்கட்டும், பகல் முழுக்க அடியில் அடைத்துக் கிடக்கும் மெத்தை சென்னைப் புழுக்கத்தில் பூசணம் பிடிக்கும், வாரம் ஒரு நாள் மொட்டை மாடியில் வெயிலும் காட்டுங்கள். இழுக்கும் பலகையில் கைப்பிடிக்குப் பதில் விரல் நுழையும் அகலமான வெட்டு வைக்கட்டும், நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடியில் முழங்காலை இடித்துக்கொள்வது அநேகமாக உங்கள் மாமியாராகத்தான் இருக்கும்.

பையன் மேல் கட்டில் என்று ஆசைப்பட்டிருப்பான், ஏமாற்றமாக இருக்கும். மேலே இருப்பது யார், இழுவையில் இருப்பது யார் என்று இரண்டு பேரும் முதல் வாரம் சண்டை போடுவார்கள். பெரியவன் இழுவையைக் கேட்டாலும் ஆச்சரியமில்லை. அதை வெளியே தள்ளிக்கொண்டு வருவது பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை, தினமும் யார் இழுப்பது என்று முறை வைத்துவிடுங்கள்.

ஆசாரியை அளவெடுக்கக் கூப்பிடும் முன் மெத்தைகளை வாங்கிவிடுங்கள். அடியில் போகும் மெத்தை நாலு அங்குலத்தைத் தாண்டக்கூடாது. கடையில் நாலு என்று சொல்வது உறை போட்டதும் நாலரை இருக்கும். இழுவைப் பெட்டியின் உள் உயரத்தை அந்த மெத்தையையே உள்ளே வைத்துப் பார்த்து, விரிப்புக்கும் மடித்து வைக்கும் போர்வைக்கும் இரண்டு அங்குலம் கூட்டிச் சொல்லுங்கள்.